கிருஷ்ணகிரியில் நிற்கப் போகும் தலைவருக்கு

தலைவரே, 2029 நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சென்னையில் துண்டு போட்டாகிவிட்டது, டெல்லியில் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சொந்த ஊரில் சீட்டு கிடைக்காதவருக்கும், சொந்த ஊரில் டெபாசிட் போனவருக்கும், கூட்டணிப் பேச்சுவார்த்தையில் “ஏதாவது ஒன்று கொடுங்கள்” என்று கடைசிவரை உட்கார்ந்திருந்த கட்சிக்கும் கையில் திணித்து அனுப்புவதற்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது. எங்களுடையதுதான். வந்து இறங்கிய பிறகு “ராயக்கோட்டை எந்தப் பக்கம்?” என்று மைக் ஓடிக்கொண்டிருக்கும்போது உதவியாளரிடம் கேட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? அதற்காக ஓசூரிலிருந்து இந்தக் கடிதம்.

கிருஷ்ணகிரி மாவட்டமும் கிருஷ்ணகிரி நாடாளுமன்றத் தொகுதியும் ஒன்றேதான். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரித்த மாவட்டம். ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி என்று மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே எம்.பி.யின் தலையில். 5,143 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 18.8 லட்சம் ஜனம். சதுர கிலோமீட்டருக்கு 365 பேர்; மாநிலச் சராசரி 555. தலை குறைவு, தூரம் அதிகம்.

இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். இதைவிட வசதியான தொகுதி அமையாது. ஊத்தங்கரைக்காரர் நீங்கள் ஓசூரில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். ஓசூர்க்காரர் நீங்கள் ஊத்தங்கரையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அஞ்செட்டிக்காரர் நீங்கள் இருப்பதாகவே நினைக்க மாட்டார். ஐந்து வருஷமும் நீங்கள் தி.நகரில் நிம்மதியாக இருக்கலாம்.

“வெளியூர்க்காரன்” என்று யாராவது கிளப்புவார்களோ என்ற பயமும் வேண்டாம். சேலம் மாவட்டத்து வாழப்பாடி ராமமூர்த்தி இங்கே 1980, 84, 89, 91 என்று நான்கு முறை ஜெயித்தவர். நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: நரசிம்ம ராவ் அமைச்சரவையில் இருந்தவர் காவிரிப் பிரச்சினைக்காகப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். இதை உங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது என்று தகவலுக்காகச் சொல்கிறேன்.

எந்தக் கட்சியிலிருந்து வருகிறீர்கள் என்பதும் பெரிய விஷயமில்லை. சி. நரசிம்மன் 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸ் எம்.பி. அதே நரசிம்மன் 2024-இல் பா.ஜ.க. வேட்பாளர், இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு. கே.பி. முனுசாமி 1998-இல் இங்கே எம்.பி.; 2019-இல் மறுபடியும் நின்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார்; 2021-இல் அதே மாவட்டத்து வேப்பனஹள்ளியில் எம்.எல்.ஏ. வீரப்பன் மகள் வித்யா ராணி 2024-இல் நாம் தமிழர் சார்பில் நின்று ஒரு லட்சத்தைத் தாண்டினார். நாங்கள் யாரையும் மனம் நோக விடுவதில்லை. அந்தத் தேர்தலில் ஜெயித்த காங்கிரஸ் கே. கோபிநாத் வாங்கியது 4,92,883, வித்தியாசம் 1,92,486. பெரிய வெற்றி என்று போஸ்டர் ஒட்டினார்கள். சுமார் 16 லட்சம் வாக்காளர்களில் மூன்றில் ஒருவர்கூட அவருக்குப் போடவில்லை என்ற கணக்கைப் போஸ்டரில் போட இடம் இருந்திருக்காது.

இனி வாக்குறுதி. ராத்திரி கண் விழித்து யோசிக்க வேண்டாம். ரயில். அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகரம். டெல்லியிலிருந்து சென்னை போகிற லாரியும் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற லாரியும் சந்தித்து டீ குடிக்கிற ஊர். சுங்கச்சாவடிக்குக் குறைவில்லை, ரயில் நிலையம் மட்டும் இல்லை. மாவட்டத்தின் ஓரத்தில் சாமல்பட்டி வழியாக ஒரு பாதை போகிறது. ஓசூர், ராயக்கோட்டை வழியாக இன்னொரு பாதை தருமபுரிக்குப் போகிறது. நடுவில் கிருஷ்ணகிரியை மட்டும் இரண்டும் தீட்டுப் பார்த்து ஒதுங்கிப் போகின்றன.

ரயிலே பார்க்காத ஊர் என்று நினைத்துப் பேசிவிடாதீர்கள், கிழவர்கள் சிரிப்பார்கள். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வெள்ளைக்காரன் குறுகிய பாதை ரயில் விட்டான். பஞ்சம் வந்தால் தானியம் ஏற்றிவர வேண்டும் என்ற கணக்கு. 1941-இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அதை மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான். போட்டதும் அவன் தேவைக்கு, பிடுங்கியதும் அவன் தேவைக்கு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: வெள்ளைக்காரனுக்கு எங்கள் ஓட்டு தேவைப்படவில்லை, முப்பத்தைந்து வருஷம் ரயில் ஓடியது. ஓட்டு தேவைப்படுகிறவர்கள் வந்தார்கள், எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஆய்வுதான் ஓடுகிறது.

ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் பாதைக்கு நடந்த ஆய்வுகளைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போடலாம். முதல்கட்ட ஆய்வு, மறு ஆய்வு, போக்குவரத்து ஆய்வு, இறுதிகட்ட இட ஆய்வு. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு அறிக்கை, ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு நன்றி அறிவிப்புக் கூட்டம். வேலையே தொடங்காத திட்டத்துக்கு நன்றி சொல்லி வெடி வெடிக்கிற ஜனம் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள். “வருமானம் வராத பாதை” என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து வண்டி வண்டியாக மோட்டார் சைக்கிளும் லாரியும் ஏற்றி அனுப்புகிற மாவட்டத்தில் வருமானம் வராதாம்!

உங்களுக்கு நான் சொல்வது இது: ரயிலை வாக்குறுதியாகவே வைத்திருங்கள். தப்பித் தவறிக் கொண்டுவந்துவிடாதீர்கள். வந்துவிட்டால் அடுத்த தேர்தலில் எதைக் கொண்டுவருவேன் என்பீர்கள்? பெருமூச்சு விட்டு, “டெல்லியில் நான் தனி ஆள், என்ன செய்வேன்” என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு நல்ல ஆதாரமும் தருகிறேன். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவே உட்கார்ந்தார். அப்போதும் அந்தத் தண்டவாளம் திரும்பி வரவில்லை. வெறும் எம்.பி.யான நான் எம்மாத்திரம் என்று கேளுங்கள். கைதட்டல் நிச்சயம்.

ரயில் கொஞ்சம் பழசாகிவிட்டது என்று தோன்றினால், வானத்தைப் பாருங்கள். 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் அறிவித்தார். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். அன்றைக்கே ஓசூரில் மனை விலை டேக் ஆஃப் ஆனது. இன்றுவரை மேலே பறந்தது அது ஒன்றுதான். பெங்களூர் விமான நிலையத்துக்கும் மத்திய அரசுக்கும் உள்ள ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி விமான நிலையம் வரக் கூடாது. பெங்களூரிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர். இந்த ஷரத்து ரகசியமில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கு மறுநாளும் பத்திரிகையில் வருகிற சேதி. ஆனாலும் அறிவிப்புக்கு ஓடுபாதை தேவையில்லையே. மெட்ரோ கதையும் இதே ஜாதி. பெங்களூர் மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூருக்கு மிச்சம் 23 கிலோமீட்டர். அதற்கும் ஆய்வு நடந்தது, அறிக்கை வந்தது. பிறகு இரண்டு பக்கத்து மின்சார முறையும் ஒத்துப்போகாது என்று கர்நாடகத் தரப்பிலிருந்து பதில் வந்தது. ஜாதகம் பார்த்துப் பொருத்தம் இல்லை என்று பெண் வீட்டார் சொல்லி அனுப்புவது மாதிரி. தினமும் காலையில் அத்திப்பள்ளி நெரிசலில் பைக்கில் நிற்கிற பையன் எலக்ட்ரானிக் சிட்டிக்கு எட்டரைக்குப் போயாக வேண்டும். அவனிடம் போய்ப் பொருத்தத்தைப் பற்றிப் பேசுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். பெங்களூர் தன் கழிவை எங்களுக்குத் தென்பெண்ணை வழியாக அனுப்புகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை. மழை பெய்தால் தரைப்பாலத்தின் மேல் ஆள் உயரத்துக்கு நுரை. டி.வி.க்காரர்கள் வருவார்கள், “பனிப்பிரதேசமாகக் காட்சியளிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பனியைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறோம். நாற்றத்தைத் தாங்க முடியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கொத்தமல்லியும் கோஸும் வளர்த்து அதே பெங்களூருக்கே அனுப்புகிறோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு நேராகிறது. இப்போது ஒரு சின்ன வேடிக்கை. 2019 முதல் எங்கள் எம்.பி. காங்கிரஸ்: முதலில் செல்லக்குமார், பிறகு கோபிநாத். 2023 மே முதல் பெங்களூரில் ஆள்வதும் காங்கிரஸ். இரண்டு பக்கமும் ஒரே கட்சி, ஒரே சின்னம், அதுவும் கை. அந்தக் கையால் ஒரு மதகைத் தடுத்து நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு போனைத் தூக்கியிருக்கலாம். அதற்கு முன்னால் அங்கே பா.ஜ.க. ஆண்டபோது, டெல்லியிலும் அவர்களே இருந்தபோது நுரை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. நுரைக்குக் கட்சி பேதம் கிடையாது. மார்க்கண்டேய நதியில் யார்கோல் பக்கம் கர்நாடகம் அணை கட்டியதும், தமிழ்நாட்டின் மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் தெரிந்த கதை. நல்ல தண்ணீர் அங்கேயே நிற்கும். கெட்ட தண்ணீர் மட்டும் எல்லை தாண்டிவரும். அதற்கு எந்தச் சோதனைச் சாவடியிலும் நிறுத்தமில்லை.

சோதனைச் சாவடி என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 தேர்தல் சமயத்தில் எல்லையில் நான் கண்ணால் பார்த்தது. பெங்களூரில் கொத்தமல்லி போட்டுவிட்டு வேனில் திரும்பிய ஒரு ஆளைப் பறக்கும் படை நிறுத்தியது. மடியிலிருந்த மஞ்சள் பையைப் பிரித்து எண்ணினார்கள்.

“எவ்ளோ?”

“அறுபத்திரண்டு சார். நாலு பேரோட சரக்கு, பிரிச்சுக் கொடுக்கணும்.”

“ரசீது?”

“கொத்தமல்லிக்கு யாரு சார் ரசீது கொடுப்பாங்க?”

“அப்போ ஆவணத்தோட வந்து வாங்கிக்க.”

அவன் தெலுங்கில் கெஞ்சினான், கன்னடத்தில் கெஞ்சினான், தமிழில் அழுதான். 50,000-க்கு மேல் கையில் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்பது விதி; விதியில் கொத்தமல்லிக்குக் கண்ணீர் விலக்கு கிடையாது. அவன் வேனுக்குப் பின்னால் கொடி கட்டிய ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அதையும் திறந்து பார்த்தார்கள், குறை சொல்லக் கூடாது. டிக்கி நிறையத் துண்டும் தொப்பியும். துண்டுக்கு ரசீது இருந்தது. போகச் சொன்னார்கள்.

உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஒரு நாடாளுமன்ற வேட்பாளர் செலவு செய்யலாம் என்று தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 95 லட்சம். சிரிக்காதீர்கள், தலைவரே, படித்து முடியுங்கள். 16 லட்சம் வாக்காளருக்குப் பிரித்தால் தலைக்கு ஆறு ரூபாய். அதில் ஒரு டீகூட வாங்கித் தர முடியாது. அந்த ஆறு ரூபாய்க்குள் பந்தல், மைக், ஆரத்தித் தட்டு, பிரியாணி, நூறு கார் எல்லாம் முடித்து, மிச்சமும் பிடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்கள். இந்தச் சிக்கனத்தை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாராவது சொல்லித் தரலாம். ஜெயித்த பிறகு தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி. 18.8 லட்சம் ஜனத்துக்குப் பிரித்தால் தலைக்கு 26 ரூபாய் சொச்சம். அதில் ஒரு நிழற்குடை கட்டி, நிழலைவிடப் பெரிதாக உங்கள் பெயரை எழுதிவிடுவீர்கள்.

மொழிப் பிரச்சினை ஒன்றும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு பேச்சு வரும்போது உதவும். 2024-இல் கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். ஊரே, ஊர் என்றால் சென்னையும் யூடியூபும், கொந்தளித்தது. இங்கே ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒரு ஆள் தமிழில் டிக்கெட் கேட்டு, தெலுங்கில் சில்லறைக்குச் சண்டை போட்டு, கன்னடத்தில் மனைவிக்குப் போன் பண்ணுவான். உருதுவில் திட்டு வாங்குவான். எங்களுக்கு இது செய்தியே இல்லை. எந்த மொழியில் உறுதிமொழி எடுத்தார் என்று கேட்டவர்களில் ஒருவராவது, எடுத்த உறுதிமொழி என்னவாயிற்று என்று கேட்டிருந்தால் நானும் கூடப் போய்க் கத்தியிருப்பேன்.

பெரிய இடம், குறைந்த ஜனம், ஒரே பிரதிநிதி என்பது உலகத்தில் நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று உங்களுக்குத் தெம்பாக இருக்கட்டும். அமெரிக்காவில் மொண்டானா. 3.8 லட்சம் சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று தமிழ்நாடு. ஜனம் பத்து லட்சம் சொச்சம். 1993 முதல் முப்பது வருஷம் மொத்த மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஆள். 2017 மே மாதம் அங்கே ஒரு இடைத்தேர்தல். கிரெக் ஜியான்ஃபோர்ட்டே என்ற சாஃப்ட்வேர் கோடீஸ்வரர் நின்றார். அவரையும் நியூ ஜெர்சிக்காரர், வெளியூர்க்காரர் என்றுதான் எதிர்க்கட்சி சொல்லிப் பார்த்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், மருத்துவக் காப்பீட்டைப் பற்றிக் கேள்வி கேட்ட “கார்டியன்” நிருபரைத் தூக்கித் தரையில் அடித்தார். மறுநாள் ஜெயித்தார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2020-இல் அந்த மாநிலத்துக்கே கவர்னராகவும் தேர்வானார். பாருங்கள், எவ்வளவு வீண் உழைப்பு! கிருஷ்ணகிரியில் நிருபரைத் தூக்க வேண்டியதே இல்லை. உங்களிடம் கேள்வி கேட்க வருகிற அளவுக்கு நீங்கள் ஊரில் இருந்தால்தானே?

வருஷா வருஷம் தவறாமல் எங்களைப் பார்க்க வருவது யானைகள்தான். குளிர்காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று ஒவ்வொரு இடமாகப் போய், ராகி வயலில் கால் வைத்துவிட்டுத் திரும்பும். நஷ்டம்தான், சில சமயம் உயிரும் போகும். ஆனால் அதற்கு வனத்துறை கணக்கெடுக்க வரும், இழப்பீட்டுக்கு ஒரு படிவம் இருக்கிறது. எம்.பி.யால் ஆன நஷ்டத்துக்கு எந்த அலுவலகத்தில் படிவம் தருகிறார்கள் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டமுகிலாளம் பக்கத்து மலைக் குக்கிராமங்களில் காய்ச்சல்காரனைத் துணியில் தூளி கட்டித்தான் ரோடு இருக்கும் இடத்துக்குத் தூக்கி வருகிறார்கள். அங்கே ஓட்டுக் கேட்கப் போக வேண்டாம், முட்டி வலிக்கும். கீழேயே ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கும்பிடவே தேவையில்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றிச் சொன்னால் செலவு மிச்சமாகும். சிப்காட் கேட்டில் ஷிப்ட் மாறும்போது நின்று பாருங்கள். பீகார், ஒடிசா, அசாம் பையன்கள். செல்போன் பாகம் செய்கிற ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து கொண்டுவந்த பெண்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் எட்டுப் பேர். பாய் ஆறாமல் ஒரு ஷிப்ட் எழும்ப இன்னொரு ஷிப்ட் படுக்கும். உங்கள் மேடைப் பேச்சில் வருகிற “தொழில் வளர்ச்சி” இவர்கள் முதுகில்தான் நிற்கிறது. இவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஓட்டு இருக்கிற ஊருக்குப் போய்வர ஒரு வாரச் சம்பளமும், சில சமயம் வேலையும் போகும். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலிக்கும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். காண்ட்ராக்ட் மேஸ்திரியின் சட்டத்தில் விடுமுறைக்கு “நாளைக்கு வராதே” என்று பெயர். வெளியூரிலிருந்தே ஓட்டுப் போட ஒரு எந்திரம் செய்திருக்கிறோம் என்று தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. கட்சிகள் கூடிச் சந்தேகப்பட்டன, எந்திரம் கிடப்புக்குப் போனது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் கோட்டூர் மலைக்குக் கழுதை மேல் ஏற்றி வாக்குப்பதிவு எந்திரத்தைக் கொண்டுபோன நாடு இது. கழுதைக்கு மலை வழி தெரிந்தது, ஜார்க்கண்ட் பெண்ணின் ஓட்டுக்கு மட்டும் வழி தெரியாமல் போய்விட்டது. அல்லது, லட்சக்கணக்கான கூலிக்காரர்கள் வேலை செய்கிற இடத்தில் கோபத்தோடு ஓட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாக் கட்சிக்கும் நன்றாகவே தெரிந்துவிட்டது.

எனவே தைரியமாக வாருங்கள், தலைவரே. வேட்புமனுவோடு 25,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கிவிட்டால் பைசா குறையாமல் திரும்பத் தருவார்கள். வாங்கிவிடுவீர்கள், எங்களைப் பற்றி எனக்குத் தெரியும். கட்டும்போதே கையில் ரசீது கொடுத்துவிடுவார்கள். கொத்தமல்லிக்காரனைப் போல அதற்காக நீங்கள் அலைய வேண்டியிருக்காது.